தோற்றவரின் தொழில்: ஆமூர்க் களம் முதல் கூண்டுக் களம் வரை சில மற்போர்கள் குறித்த மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

மற்போரின் வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தொழில்முறை மற்போர் 'முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது' என்ற ஒரே காரணத்தால் வரலாற்றாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது. வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த சில போட்டிகளைத் தோற்றவரின் பக்கமிருந்து இக்கட்டுரை மறுபடியும் பார்க்கிறது. தோல்வி என்பது எப்போது ஒருவருக்கு நேர்ந்த நிகழ்வாக இருந்தது, எப்போது ஒருவர் கூலி பெற்றுச் செய்த தொழிலாயிற்று என்பதே இதன் வினா. கொங்குநாட்டு உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து திரைப்படத்திற்குச் சென்றவர்களின் இடத்தை அவ்வினாவின் வழியே விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மற்போர், பயில்வான், ஆமூர் மல்லன், சாண்டோ சின்னப்பா தேவர், தாராசிங், கோயம்புத்தூர்.

1. 'அதெல்லாஞ் செட்டப்புங்க'

பொள்ளாச்சிப் பகுதியில் யாரேனும் தம் உடல் வலிமையைச் சற்று மிகையாகப் பேசினால், 'இவரு பெரிய தாராசிங்கு' என்று கேலி செய்வது இன்றும் வழக்கில் உள்ளது. சொல்பவர்களுள் பலர் தாராசிங் மோதிய போட்டி ஒன்றையேனும் பார்த்தவரல்லர். அப்பெயர் போட்டியிலிருந்து கழன்று மொழிக்குள் சென்று தங்கிவிட்டது. அதே மனிதர்களிடம் மற்போர் பற்றிக் கேட்டால் வரும் முதல் விடை, 'அதெல்லாஞ் செட்டப்புங்க' என்பதாகவே இருக்கும்.

வியப்பும் நம்பிக்கையின்மையும் ஒரே வாயிலிருந்து பிறப்பது கவனிக்கத்தக்கது. ஏற்பாடு செய்யப்பட்டது என்று தெரிந்தும் மக்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள், பார்த்துக் கொந்தளித்திருக்கிறார்கள். ஆய்வுலகம் மட்டும் 'செட்டப்பு' என்ற சொல்லோடு நின்றுவிட்டது. நாடகத்தில் இராவணன் வீழ்வது முன்பே எழுதப்பட்டதுதான். அதற்காக இராவணன் வேடம் கட்டியவரின் உழைப்பை யாரும் பொய் என்பதில்லை. மற்போரில் வீழ்பவருக்கு அந்த மதிப்பு ஏன் கிடைக்கவில்லை என்பதே இங்குள்ள சிக்கல்.

2. ஆமூரில் பெயரில்லாதவன்

தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய மற்போர் வருணனை புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள பாடல்களில் இருக்கிறது. 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட அந்நூலில், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு மோதி வென்ற செய்தியை முதல் மூன்று பாடல்களில் சாத்தந்தையாரும், அடுத்த மூன்றில் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடுகின்றனர். ஒரே வீரனை இருவர் இரண்டு கோணங்களில் பாடிய இப்பாடல்களை இன்றைய நோக்கில் மற்போர் மதிப்புரைகள் என்றே கொள்ளலாம்.

80ஆம் பாடலில் சாத்தந்தையார் பிடிகளைப் பார்க்கிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட்டிருக்கிறது. மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைந்திருக்கிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது போலத் தலையும் காலுமாகிய இரு முனைகளும் ஒடியுமாறு அவன் மல்லனை மோதுகிறான். கூடவே, அரசனின் தந்தை எனக் கருதப்படும் தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், இதைக் காண வேண்டும் என்று புலவர் விரும்புகிறார். களத்தில் இல்லாத ஒரு பார்வையாளருக்காகப் போட்டி நடக்கிறது என்பது இதன் உட்பொருள்.

82ஆம் பாடல் வேகத்தைப் பார்க்கிறது. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வானில் மழை, பொழுதோ சாய்கிறது. அந்நிலையில் கட்டிலுக்கு வார் பின்னுகிற தொழிலாளியின் கையில் ஊசி எவ்வளவு விரைந்து பாயுமோ அவ்வளவு விரைவாகப் போர் முடிந்தது என்கிறார். மற்போரின் விரைவைச் சொல்ல வேறொரு கைத்தொழிலின் விரைவைக் கொண்டுவரும் இவ்வுவமை, நான் அறிந்த எந்த விளையாட்டு எழுத்திலும் காணாத ஒன்று.

தோற்றவன் யார் என்று தேடினால், 'ஆமூர் மல்லன்' என்பதற்கு மேல் நமக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் சேர்ந்த ஒட்டு அது. ஆனால் 81ஆம் பாடலில் சாத்தந்தையார் ஒரு நொடி அவன் பக்கம் திரும்புகிறார். இவன் கையில் அகப்பட்டவர்கள் யாரோ, அவர்கள் இரங்கத்தக்கவர்கள் என்கிறார். வென்றவனைப் புகழும் உத்திதான் இது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த 'யாரோ' என்னும் வினா விடையில்லாமல் நிற்கிறது.

நக்கண்ணையாரின் பாடல்கள் கைக்கிளைத் திணையைச் சேர்ந்தவை. அவர் பார்ப்பது பிடியையோ வேகத்தையோ அல்ல, கூட்டத்தை. 85ஆம் பாடலின்படி, இது கிள்ளியின் ஊரும் அன்று, நாடும் அன்று. ஆகவே அவன் வென்றான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் கேட்ட தலைவி, காற்சிலம்பு ஒலிக்க ஓடித் தன் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வெற்றியைத் தானே கண்டதாகச் சொல்கிறாள். சாத்தந்தையார் ஊசிமுனை போல் தெளிவாகக் கண்ட முடிவு, கூட்டத்தின் பேச்சில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. உள்ளூரான், அயலூரான் என்ற வேறுபாடு கண்ணையே மாற்றுகிறது. இருபதாம் நூற்றாண்டில் போட்டி அமைப்பாளர்கள் காசாக்கிய பிளவு இதுவே.

3. சொற்களில் தங்கிய கூடங்கள்

அடுத்துச் சுமார் 1520ஐ ஒட்டி விசயநகரத்தைக் கண்ட போர்த்துக்கீசியரான தொமிங்கோ பயஸின் குறிப்புக்குச் செல்லலாம். கொங்குநாடு விசயநகர ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலம் அது. மகாநவமி விழாவில் நடந்த மற்போரில் பற்கள் உடைந்ததையும் கண்கள் சிதைந்ததையும், பேச்சற்றுப்போன சிலரை நண்பர்கள் தூக்கிச் சென்றதையும் அவர் எழுதுகிறார். களத்தில் இருவரையும் சமநிலையில் நிறுத்தவும் வென்றவர்க்குச் சிறப்புச் செய்யவும் நடுவர்கள் இருந்தனர் என்பதும் அவர் தரும் செய்தி. தூக்கிச் செல்லப்பட்டவர்களை ஒரு வாக்கியத்திலேனும் பதிவுசெய்த வகையில் பயஸ் நம் புலவர்களிலிருந்து வேறுபடுகிறார். ஆயினும் அவரும் பெயர் கேட்கவில்லை.

விசயநகரத்திற்குப் பின் கொங்குநாட்டின் பெரும்பகுதி மைசூர் அரசின் கீழ் வந்து, 1799இல் திப்பு சுல்தான் வீழும்வரை அதனோடு இருந்தது. மைசூர்த் தசராவில் மற்போர் இன்றும் ஓர் அங்கம். அங்குள்ள பயிற்சிக் கூடத்தைக் கன்னடத்தில் 'கரடி மனை' என்பர். இத்தொடர்பின் எச்சங்களைத் தேட வேண்டிய இடங்களுள் ஒன்று மொழி. 'குஸ்தி', 'பயில்வான்' ஆகியவை பாரசீக மூலம் கொண்டவை. 'தாலீம்' அரபியில் கற்பித்தலைக் குறிக்கும். 'கோதா' தெலுங்கிலும் இதே பொருளில் வழங்குவது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று பயிற்சியின் பெயர்களும் பல மொழிகளுக்குப் பொதுவானவை. 'மல்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லோ 'மல்லுக்கு நிற்பது', 'மல்லுக்கட்டு' என்று சண்டையை மட்டும் குறித்துச் சுருங்கிற்று. இன்று தேர்தல் வேட்பாளர் கோதாவில் இறங்குகிறார். எதிர்க்கட்சி கிடுக்கிப்பிடி போடுகிறது. மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய கோதா பார்வையிலிருந்து மறைந்த பின்னும் அதன் சொற்கள் செய்தித்தாளில் உயிர்வாழ்கின்றன. தோற்பதற்கும் அங்கிருந்தே சொல் வந்தது. முதுகு தரையில் படுவதே மற்போரில் தோல்வி. அதனால்தான் நாம் தோற்றவரை 'மண்ணைக் கவ்வினார்' என்கிறோமோ என்று தோன்றும். ஆனால் கவ்வுவதற்கு முகம் மண்ணில் பட வேண்டும். மற்போர் விதிப்படி குப்புற விழுந்தவர் இன்னும் தோற்றவரல்லர்.

4. ஒரே மனிதர், மூன்று போட்டிகள்

இந்தக் கடைசி விதியின் மீது ஒரு பெரிய போட்டி முழுவதும் நடந்தது. 1910 செப்டம்பர் 10 அன்று இலண்டனின் செப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் பஞ்சாபைச் சேர்ந்த காமா பயில்வானும் போலந்தைச் சேர்ந்த ஸ்தானிஸ்லாஸ் சிபிஸ்கோவும் மோதினர். தொடக்கத்திலேயே காமா எதிராளியைக் கீழே கொண்டுவந்தார். அதன்பின் சிபிஸ்கோ குப்புறப் படுத்துத் தரையை அணைத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கு மேல் போட்டி நீண்டும் காமாவால் அவரைப் புரட்டிப்போட முடியவில்லை. போட்டி முடிவின்றி நின்றது. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17 அன்று, மறுபோட்டிக்கு சிபிஸ்கோ வரவேயில்லை. 'ஜான் புல்' பட்டம் காமாவுக்கு வழங்கப்பட்டது.

பார்வையாளர் நோக்கில் இது மிக மோசமான போட்டி. உண்மையான போட்டி என்பதால்தான் அது மோசமாக இருந்தது என்பது முக்கியம். தோற்க விரும்பாத ஒருவர், விதியின் எல்லைக்குள் நின்று, எதிராளியின் வெற்றியையும் கூட்டத்தின் மகிழ்ச்சியையும் ஒருசேர மறுத்துவிட்டார். 1908இல் சிகாகோவில் பிராங்க் காட்சும் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட்டும் மோதிய போட்டியும் இவ்வாறே இரண்டு மணி நேரம் இழுத்தது. தொழில்முறை மற்போர் மெல்லமெல்ல ஏற்பாட்டின் பக்கம் நகர்ந்ததற்கு ஏமாற்றும் நோக்கம் மட்டுமே காரணம் அன்று. உண்மைப் போட்டிகளின் சலிப்பும் ஒரு காரணம்.

அதே சிபிஸ்கோவை 1925 ஏப்ரல் 15 அன்று பிலடெல்பியாவில் காண்கிறோம். இப்போது அவருக்கு வயது 46. எதிரில் வெயின் மன் என்ற முன்னாள் கால்பந்தாட்டக்காரர். மற்போர்த் திறமை குறைந்தவரானாலும் கூட்டம் சேர்ப்பார் என்பதற்காக அமைப்பாளர்கள் அவரைச் சாம்பியனாக்கியிருந்தனர். சிபிஸ்கோ தோற்க வேண்டும் என்பதே ஏற்பாடு. அவர் தோற்க மறுத்தார். உண்மையாகவே மல்லுக்கு நின்று மன்னைத் திரும்பத்திரும்பத் தரையில் அழுத்திப் பட்டத்தைப் பறித்தார். அமைப்பாளர்களின் வணிகம் நிலைகுலைந்தது. தோற்கச் சம்மதிக்கும் ஒருவரின் ஒத்துழைப்பு இல்லாமல் ஏற்பாட்டுப் போட்டி ஒரு நிமிடம்கூட நிற்காது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறொரு நிகழ்ச்சி இல்லை.

மூன்றாவது போட்டி 1928 சனவரியில் பாட்டியாலாவில், மன்னரின் முன்னிலையில் நடந்தது. மீண்டும் காமா. இருவரும் ஐம்பதை நெருங்கியவர்கள். மெத்தை விரிப்பு இல்லை. பதப்படுத்திய மண் களம். ஒரு நிமிடத்திற்குள் காமா சிபிஸ்கோவை மல்லாத்தினார். சாத்தந்தையாரின் ஊசி இங்கே பொருந்தும். இலண்டனில் படுத்தே காலம் கடத்தியவர், பிலடெல்பியாவில் சொன்ன சொல்லை மீறியவர், இங்கே முதுகில் மண்ணோடு எழுந்தார். காமாவின் வாழ்க்கை வரலாறுகளில் சிபிஸ்கோ இரண்டு போட்டிகளில் மட்டுமே வருகிறார். நடுவிலுள்ள 1925ஐச் சேர்த்துப் பார்த்தால்தான், தோல்வியின் விலையை நன்கறிந்த மனிதர் பாட்டியாலாவில் தோற்றார் என்பது விளங்கும்.

5. 'சாண்டோ' என்னும் பட்டம்

ஜெர்மானிய வல்லாளர் யூஜின் சாண்டோ 1904–05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அதன்பின் இந்தியா முழுவதும் உடற்பயிற்சியாளர்கள் அவர் பெயரைப் பட்டமாகச் சூடத் தொடங்கினர். தமிழகத்தில் அப்பட்டம் இன்றளவும் ஒருவரோடு ஒட்டியுள்ளது. கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில் 1915இல் பிறந்த மருதாசலம் அய்யாவு சின்னப்பா தேவர் அவர். பஞ்சாலைத் தொழிலாளியாகத் தொடங்கிப் பால் வணிகம் முதலிய பலவற்றிலும் ஈடுபட்டவர். நண்பர்களோடு மாருதியின் பெயரில் தேகப்பயிற்சிச் சாலை நடத்தினார்.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோயம்புத்தூரில் ஆலைகள் பெருகின. ஆலை நேரம் உடலை ஒரு வகையில் பிடித்தது; பயிற்சிச் சாலை அதே உடலை வேறு வகையில் மீட்டுத் தந்தது. சங்கொலிக்கு எழுந்து ஓடும் இளைஞனுக்குத் தன் தோளைத் தானே ஆளும் ஓரிடம் தேவைப்பட்டது என்பது என் கருத்து. அந்நகரில் அப்போது இன்னொரு தொழிலும் வளர்ந்தது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவும், ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாவும் படங்களை எடுத்துக் குவித்தன. வாள் சுழற்றவும் மோதி விழவும் உடல்கள் வேண்டியிருந்தன. பயிற்சிச் சாலையும் படப்பிடிப்புத் தளமும் ஒரே நகரில் அமைந்தது கொங்குநாட்டு மற்போரின் போக்கைத் தீர்மானித்தது.

1947இல் வெளிவந்த ஜூபிடர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி', எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த முதற்படம், இயக்கியவர் ஏ.எஸ்.ஏ. சாமி. அதில் தம்மோடு மோதும் பாத்திரத்தைத் தம் நண்பர் சின்னப்பா தேவருக்கே தர வேண்டும் என்று எம்.ஜி.ஆர். வற்புறுத்தினார் என்பது திரைவரலாறுகளில் நிலைபெற்ற செய்தி. இதை நட்பின் சான்றாகவே அனைவரும் எடுத்துக்காட்டுவர். மற்போர் நோக்கில் வேறொன்றும் தெரிகிறது. புதிதாக நாயகனாகும் ஒருவருக்கு, தம்மை நம்பத்தக்க வீரராகக் காட்டக்கூடிய எதிராளி தேவை. பருத்த கழுத்தும் பழகிய உடலும் கொண்டவர் சாய்ந்தால்தான் சாய்த்தவருக்குப் பெருமை. எப்படி விழ வேண்டும், எப்போது எதிராளியின் எடையைத் தன் தோளில் வாங்க வேண்டும் என்பதைப் பயிற்சிச் சாலையில் கற்றவரே அதைச் செய்ய இயலும். தமிழ்த் திரையின் மிகப் பெரிய வீர நாயகனின் முதல் வெற்றிகளுள் ஒன்று, கோயம்புத்தூர்ப் பயில்வான் ஒருவர் தோற்றுக் கொடுத்தது.

தேவர் அத்தோல்விகளை முதலீடாக மாற்றிக்கொண்டார். 1956இல் 'தாய்க்குப் பின் தாரம்' தொடங்கி எம்.ஜி.ஆரை வைத்தே 16 படங்கள் தயாரித்தார். 1971இல் 'ஹாத்தி மேரே சாத்தி' வழியாக இந்தித் திரையுலகிலும் வென்றார். அவரோடு கர்லாக்கட்டை சுழற்றிய எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. சண்டைக் காட்சிகளில் கூட்டத்தோடு கூட்டமாக விழுந்தவர்கள் படத்தின் பெயர்ப்பட்டியலிலும் வராதவர்கள். அக்காலத்தின் ஆமூர் மல்லர்கள். ஆனால் ஆமூரானுக்கு இல்லாத ஒன்று அவர்களுக்கு உண்டு. அவர்கள் விழுவதை நாம் இன்றும் பார்க்கலாம். 1940களின் பயில்வான் உடலை, அதன் நிற்கும் முறையை, பிடிக்கும் முறையை ஆராய விரும்புவோர்க்கு அப்படங்கள் ஆவணங்கள். கதைக்காகவும் பாட்டுக்காகவும் மட்டுமே அவற்றை நாம் இதுவரை பார்த்து வந்திருக்கிறோம்.

6. அயலான் என்னும் வேடம்

1940களின் பிற்பகுதியில் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் சென்ற தாராசிங், அங்கே தொழில்முறை மற்போரில் வளர்ந்தார். ஹேப்பி வேர்ல்டு போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் சீனர், மலாயர், தமிழர், பஞ்சாபியர் எனப் பல இனக் கூட்டம் கூடும். அங்கு நிலைபெற்றிருந்த மற்றொருவர் 'கிங்காங்' எனப்பட்ட எமில் சாயா, இன்றைய ருமேனியாவில் 1909இல் பிறந்தவர், பேருடல்காரர். இவ்விருவரும் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் மீண்டும்மீண்டும் மோதினர்.

இப்போட்டிகளின் அமைப்பு எளிது. கிங்காங் உறுமுவார், விதியை மீறுவார், நடுவரைத் தள்ளுவார். தாராசிங் பொறுப்பார், பிறகு பொறுக்கமாட்டார். நக்கண்ணையார் கண்ட 'அவன் ஊர் அன்று, நாடு அன்று' என்னும் பிளவு இங்கே ஐயத்திற்கு இடமின்றி எழுதப்பட்ட கதையாகிறது. விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், வெள்ளைத்தோல் மாமலை ஒன்று இந்தியத் தோள்களின்மேல் தூக்கிச் சுழற்றப்படுவதைப் பார்க்க மக்கள் காசு கொடுத்தனர். அதைத் தந்தவர் தாராசிங் மட்டும் அல்லர். வெறுக்கப்படுவதைத் தொழிலாக ஏற்று, தூக்குவதற்கு ஏற்பத் தம் பேருடலைக் கொடுத்த கிங்காங்கும்தான். அவர் 1970இல் சிங்கப்பூரில் இறந்தார். தமிழில் அவர் பெயர் பின்னர் உருவத்தில் மிகச் சிறிய நகைச்சுவை நடிகர் ஒருவரின் பெயராயிற்று. மொழிக்கு இத்தகைய குறும்புகள் உண்டு.

தாராசிங் 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்று உலகச் சாம்பியன் எனப் போற்றப்பட்டார். அவருக்கு வயது 39, தெஸ்ஸுக்கு 52. இதைக் காமாவின் பாட்டியாலா வெற்றியோடு ஒரே தட்டில் வைப்பது பிழை. தலைமுறையின் தலைசிறந்த நுட்பக்காரர் எனப் பெயர்பெற்ற முதியவர், தம் பெயரை இளையவருக்குக் கையளித்த சடங்கு என்று கொள்வதே பொருந்தும். சடங்கு என்பதால் அது சிறுமைப்படவில்லை. சோழநாட்டுப் புலவரும் தித்தன் கண்முன் நிகழ வேண்டிய ஒரு சடங்கைத்தானே விரும்பினார்?

பின்னர் 1987–88இல் தூர்தர்சன் ஒளிபரப்பிய 'ராமாயண்' தொடரில் தாராசிங் அனுமனாக வந்தார். ஞாயிறு காலைகளில், இந்தி தெரியாத கொங்குநாட்டு வீடுகளிலும் அவரை அடையாளம் கண்டுகொண்டனர். மாருதியின் பெயரில் கோயம்புத்தூரில் நடந்த பயிற்சிச் சாலையை எண்ணும்போது, கோதாவின் தெய்வத்தைப் பயில்வானே உடலில் ஏற்றது பொருத்தமாகவே தோன்றுகிறது.

7. சீட்டும் கூண்டும்

1990களில் கேபிள் தொலைக்காட்சி பொள்ளாச்சிக்கு வந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் இணைப்பு இருந்தது. பெரியவர்கள் செய்தி பார்த்து எழுந்தபின் எங்களுக்கு மற்போர். பள்ளியில் வீரர்களின் படம் போட்ட சீட்டுகளைக் கைமாற்றினோம். உயரம், எடை, மார்பளவு, மோதிய போட்டிகள், வென்ற போட்டிகள், தரவரிசை என்று ஒவ்வொரு சீட்டிலும் எண்கள். தோற்றவை எத்தனை என்ற கட்டம் மட்டும் அதில் இல்லை. கழித்துப் பார்த்தால்தான் தெரியும். 'அண்டர்டேக்கர்' பலமுறை செத்துப் பிழைத்தவர் என்று எங்களுள் யாரும் ஐயுற்றதில்லை. ஏழு முறை என்று எண்ணிக்கைகூடச் சொல்வோம். அமெரிக்காவில் அந்நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி சட்டமன்றத்தின் முன் தன் நிகழ்ச்சி கேளிக்கையே என்று ஒப்புக்கொண்டிருந்தது. அச்செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேர வெகுகாலமாயிற்று.

அக்காலப் போட்டிகளுள் 1998 சூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில் அண்டர்டேக்கரும் 'மேன்கைண்ட்' என்ற பெயரில் மிக் போலியும் மோதியது தனித்து நிற்கிறது. களத்தைச் சுற்றிச் சுமார் 16 அடி உயர இரும்புக் கூண்டு. அதன் உச்சியிலிருந்து போலி கீழே வருணனையாளர் மேசையின்மேல் எறியப்பட்டார், அது திட்டமிட்டது. தூக்குப்படுக்கையிலிருந்து எழுந்து மீண்டும் கூண்டின்மேல் ஏறினார். இம்முறை கூரையின் கம்பிவலை பிய்ந்து களத்தினுள்ளே விழுந்தார். அது திட்டத்தில் இல்லை. உடன் விழுந்த நாற்காலி முகத்தில் பட்டுப் பல் உடைந்தது. போட்டி அதன்பின்னும் தொடர்ந்தது. முடிவில், எழுதப்பட்டிருந்தபடி, போலி தோற்றார்.

மற்போர்க் கலை என்ற அளவில் இது சிறந்த போட்டி அன்று. பிடிகள் குறைவு, ஒழுங்கும் குறைவு. மறுபடி பார்க்கையில் எனக்கு வியப்பைவிடக் கலக்கமே மிகுகிறது. பயஸ் கண்ட உடைந்த பற்கள் இங்கே மீண்டும் வருகின்றன. அன்று பல் போனது வெற்றிக்கான போராட்டத்தில். இங்கே, தோல்வியைச் செம்மையாகச் செய்து முடிக்கும் போராட்டத்தில். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அப்போட்டியைப் பேசும் எவரும் இன்று முதலில் சொல்வது வென்றவரின் பெயரையன்று. விழுந்தவரின் பெயரையே சொல்கிறார்கள்.

என்னிடம் அக்காலச் சீட்டுகள் சில எஞ்சியுள்ளன. ஓரம் மடிந்த சீட்டு ஒன்றில் மோதிய போட்டிகளிலிருந்து வென்றவற்றைக் கழித்து, பென்சிலால் ஒரு சிறு எண்ணைப் பின்புறம் எழுதியிருக்கிறேன். எந்த ஆட்டத்திற்காக அதைக் கணக்கிட்டேன் என்பது நினைவில்லை.